கம்பமா, மண்ணா, எந்தக் கேபிள்: அறுநூறு வீட்டு ஊருக்கு ஒரு ஃபைபர் கணக்கு

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கேபிள் டிவி தொழில் நடத்தும் என் சித்தப்பா மகன், சென்ற மாதம் மூன்று கடைகளின் விலைப்பட்டியலோடு வீட்டுக்கு வந்தான். பழைய கோஆக்சியல் கேபிளை முழுவதுமாக இறக்கிவிட்டு ஃபைபருக்கு மாறப் போகிறான். இணைய இணைப்பு அவனுக்குக் கைமாறும் இடத்திலிருந்து கண்ட்ரோல் ரூம் ஏழு கிலோமீட்டர். ஊரும் சுற்றியுள்ள மூன்று குடியிருப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ அறுநூறு வீடுகள். “அண்ணா, மூன்று பேரும் 12 கோர் ஃபைபர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். விலை மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?” என்று கேட்டான்.

பட்டியலைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. மூன்றிலும் கண்ணாடி ஒன்றுதான், பன்னிரண்டு மெல்லிய இழைகள் (கோர்கள்). கண்ணாடியைச் சுற்றியிருப்பது வேறு. ஒன்று இரும்புத் தகடு சுற்றியது. இன்னொன்று தொங்குவதற்கான எஃகுக் கம்பியோடு எட்டு வடிவில் வார்த்தது. மூன்றாவது உலோகமே இல்லாத, தன் எடையைத் தானே தாங்கும் ஏடிஎஸ்எஸ். இவற்றின் மீட்டர் விலையை வரிசையாக எழுதி ஒப்பிடுவது வண்டியையும் படகையும் விலை வைத்து ஒப்பிடுவதைப் போன்றது. கேபிள் எந்த வழியே போகிறது, அறுந்தால் யார் ஏறி ஒட்டுவார்கள் என்ற இரண்டு கேள்விகளிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும். இழை ஒட்டும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அவனுக்குச் சொன்னதை, இதே முடிவின் முன் நிற்கும் மற்ற ஆபரேட்டர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

கண்ணாடியில் இரண்டு வகை

தொலைத்தொடர்புக்கு ஒற்றைமுறை இழை, அதாவது சிங்கிள் மோட் மட்டும்தான். ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான், அதைச் சுற்றிய கண்ணாடியோடு சேர்த்து 125 மைக்ரான். மல்டிமோட் இழையை மலிவாக யாராவது தந்தால் வாங்க வேண்டாம். அது ஒரு கட்டடத்துக்குள், சில நூறு மீட்டருக்கு உரியது.

சிங்கிள் மோடில் முடிவு ஜி.652டி, ஜி.657 என்ற இரண்டுக்கும் இடையில்தான். ஜி.652டி எங்கும் கிடைக்கும் பொது இழை. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) அளவிலும், 1310-இல் 0.35 அளவிலும் ஒளி குறையும். கண்ட்ரோல் ரூம் வரையிலான ஏழு கிலோமீட்டர் முதன்மை வழியில், அதாவது ட்ரங்கில், இது ஒரு பொருட்டே இல்லை. கம்பத்திலும் குழாயிலும் இழை கூர்மையாக வளைவதில்லை என்பதால் ட்ரங்குக்கு ஜி.652டி போதும். அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. ஜி.657ஏ1 இழையை 10 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு முழுச் சுற்று வளைத்தால் 1550-இல் 0.75 டெசிபெல் வரை இழப்பு இருக்கலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. அதே வளைவில் ஜி.657ஏ2 இழைக்கு அனுமதி 0.1 மட்டும். ஜி.652டிக்கு இந்த அளவு வளைவே கிடையாது. அதன் சோதனை 30 மில்லிமீட்டர் ஆரத்தில் நடக்கிறது. ஒரு வீட்டில் ஜன்னல் ஓரம், நிலைப்படி, சுவர் மூலை, அலமாரிப் பின்புறம் என்று நான்கு இடத்தில் செங்கோணமாகத் திருப்பினால் கூட்டுத்தொகை ஒரு முழுச் சுற்று. அதன் மேல் வீட்டுக்காரர் ஆணி அடித்து கிளிப் போடுவார்.

கேபிள் டிவிக்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அலைநீளம் கூடக் கூட வளைவில் ஒளி அதிகம் கசியும். இணையம் 1490-இல் இறங்கி 1310-இல் ஏறுகிறது. டிவி அதே இழையில் 1550-இல் வருகிறது. டிவி ரிசீவருக்கு வேண்டிய ஒளியும் இணையத்துக்கு வேண்டியதைவிட மிக அதிகம். ஆகவே கேபிள் நசுங்கினால் முதலில் சாவது படம்தான். இணையம் ஓடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் “நெட் நன்றாக இருக்கிறது, சேனல்தான் வரவில்லை” என்பார். டெக்னீஷியன் செட்டாப் பாக்ஸை இரண்டு முறை மாற்றுவார். அது பெட்டியின் கோளாறே அல்ல. 1310-இல் மட்டும் அளந்து பார்த்தாலும் தப்பித்துவிடும். 1550-இல் அளந்தால்தான் பிடிபடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ட்ராப் கேபிளில் ஏ1 வேண்டாம், ஏ2 வாங்கு என்று தம்பியிடம் சொன்னேன். அறுநூறு வீட்டுக்கும் சேர்த்து விலை வித்தியாசம் ஒரு வருட அலைச்சலில் திரும்பிவிடும்.

வழி: இங்கேதான் பணமும் தூக்கமும் போகிறது

எங்கள் பக்கத்தில் மிகுதியாகக் காண்பது, புதைப்பதற்கென்றே செய்த இரும்புத் தகட்டுக் கேபிளை ஜிஐ கம்பியில் கட்டிக் கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிடும் முறை. விலை குறைவு. எந்தக் கடையிலும் கிடைக்கும். தென்னந்தோப்பு ஊர்களில் அணில் தொல்லை தீராதது. அதன் பல்லுக்குத் தகடு தாங்கும். இத்தனை நன்மை இருந்தும் மின்கம்பத்தில் இந்தக் கேபிளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்கம்பி அறுந்து மேலே விழுந்தால் ஜிஐ கம்பியும் தகடும் மின்சாரத்தை அடுத்தடுத்த கம்பங்களுக்கு ஏந்திக்கொண்டு போகும். இடிக்கும் அதே வழி. முறையாக எர்த் செய்து கட்டிய ஊர்களை நான் கண்டது குறைவு. மழையில் ஏணி சாய்த்து ஏறுகிற பையனின் கை முதலில் தொடுவது அந்தத் தகட்டைத்தான். இதை மலிவு என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

எட்டு வடிவக் கேபிளில் கட்டும் வேலை மிச்சம், தொய்வும் சீராக வரும். ஆனால் தூக்குக் கம்பி எஃகு என்பதால் மேலே சொன்ன பயம் அப்படியே இருக்கிறது. சொந்தக் கம்பம் நட்டு, மின்கம்பிகளிலிருந்து விலகிப் போகும் இடங்களில் இது நல்ல தேர்வு.

ஏடிஎஸ்எஸ் கேபிளில் உலோகம் ஒரு துளியும் இல்லை. இழுவிசையை அராமிட் நூல் தாங்குகிறது, நடுவில் எஃப்ஆர்பி எனும் கண்ணாடி நூல் கலந்த பிளாஸ்டிக் குச்சி. வாங்கும்போது கம்பத்துக்குக் கம்பம் இடைவெளி எவ்வளவு என்று சொல்லி, அந்த ஸ்பேனுக்கு உரியதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குரிய பிடிகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். கேபிளுக்குச் செலவழித்துவிட்டுப் பிடியில் மிச்சம் பிடித்து, பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினால் இரண்டு காற்றுக்கு மேல் நிற்காது. இதன் குறை அணில்தான். சாதாரண ஏடிஎஸ்எஸ் உறையை அது கொறித்துவிடும். அதற்காகவே கண்ணாடி நூல் அடுக்கு சுற்றிய வகை இருக்கிறது. உலோகம் இல்லாமலே பல்லைத் தடுக்கும். எங்கள் தோப்புப் பகுதிக்கு அதுதான் சரி. தம்பியிடம் இருந்த மூன்று பட்டியலிலும் அது இல்லை. நான்காவது விலை கேட்கச் சொன்னேன்.

இனி மண். புதைத்தால் பாதுகாப்பு என்று பலரும் சொல்கிறார்கள். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் அரசின் பாரத்நெட், பிஎஸ்என்எல் வேலைகளில் காண்பதைப் போல 40/33 மில்லிமீட்டர் பிஎல்பி எனும் பிளாஸ்டிக் குழாய் போட்டு, ஒன்றரை மீட்டருக்கும் மேல் ஆழமாக, 165 சென்டிமீட்டரில் புதைத்தால் அது உண்மை. சிறு ஆபரேட்டர் அப்படியா புதைக்கிறார்? இரண்டடி வெட்டி, கேபிளைப் போட்டு, மண்ணை மூடிவிடுகிறார். அடுத்த மாதமே குடிநீர்க் குழாய் வேலைக்கு ஜேசிபி வரும். தோண்டுவதற்கு முன் தெரிவிக்கவேண்டும் என்பதற்காக 2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியைக் கொண்டுவந்தது. நம் கேபிள் எங்கே கிடக்கிறது என்ற விவரம் அதில் இருந்தால்தான் நமக்குத் தகவல் வரும்.

புயலை வைத்துப் பேசுபவர்கள் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தில் இருந்த கேபிள் எல்லாம் தரைக்கு வந்தது. அதைப் பார்த்தவர்கள் “இனிமேல் மண்ணில்தான்” என்றார்கள். நான் அன்று கண்டது வேறு. கம்பம் விழுந்தாலும் பல இடங்களில் கேபிள் அறாமல் வயலில் கிடந்தது. அறுந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. கம்பம் எழுந்ததும் கேபிளும் எழுந்தது. புதைத்த கேபிளோ, விழுந்த மரங்களை அகற்ற வந்த இயந்திரங்களால் எங்கே அறுந்தது என்று தெரியாமல் கிடந்தது. இழைக்குள் ஒளி அனுப்பி அறுந்த இடத்தைத் தேடும் ஓடிடிஆர் கருவி தூரம் சொல்லும், ஆனால் அது இழையின் நீளம், தரையின் நீளம் அல்ல. குழாய்க்குள் இழை முறுக்கிக் கிடக்கிறது, ஜாயிண்ட்தோறும் சுருட்டி வைத்த லூப் இருக்கிறது. ஏழு கிலோமீட்டரில் சில பத்து மீட்டர் தள்ளித் தோண்டினால் அன்றைய பகல் போய்விடும்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்க எடுத்த பாரத்நெட் பணியிலும் பெரும்பகுதி கேபிள் கம்பங்கள் வழியாகவே போகிறது. அரசின் பணத்துக்கே அந்தக் கணக்கு என்றால் அறுநூறு வீட்டு ஆபரேட்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்வாரியத்திடம் அனுமதி பெற்று, வாடகை கட்டி, ஏடிஎஸ்எஸ் இழுப்பதே என் பரிந்துரை. திருட்டுத்தனமாகக் கட்டினால் என்றாவது ஒருநாள் லைன்மேன் வெட்டிவிடுவார்; அவரைக் குறை சொல்லவும் முடியாது. புதைப்பது இரண்டு இடங்களுக்கு மட்டும்: உயரமான வண்டிகள் கேபிளை இழுத்துப்போகும் நெடுஞ்சாலைக் குறுக்கு, கம்பமே இல்லாத வாய்க்கால் கரை. அங்கே குழாயோடு, ஆழமாக.

கோர் எண்ணிக்கையில் நீண்ட யோசனை வேண்டாம். ட்ரங்குக்கு 12 போதும். ஊருக்குள் 24. கேபிள் விலையைவிட இழுக்கும் கூலி பெரியது. இரண்டு வருடம் கழித்து மறுபடி இழுக்க நேர்ந்தால் மிச்சம் பிடித்தது எல்லாம் அதில் போய்விடும். ட்ரங்கில் 10ஜி பைடை எஸ்எஃப்பி (ஒளியை அனுப்பவும் வாங்கவும் செய்யும் சிறு செருகுபொருள்) போட்டால் இரண்டு திசையும் ஒரே கோரில் ஓடும். பக்கத்துக் கோரில் இன்னொரு ஜோடியைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

பிரிப்பது: கப்ளரா, ஸ்ப்ளிட்டரா

கேபிள் டிவிக்காரர்களுக்குக் கப்ளர் பழகிய பொருள். 10/90 கப்ளர் என்றால் ஒளியில் பத்தில் ஒரு பங்கை அந்தக் கம்பத்தில் இறக்கிவிட்டு மீதியை முன்னே அனுப்பும். இறங்கும் கால் சுமார் 10.5 டெசிபெல் இழக்கும். முன்னே போகும் காலுக்கு இழப்பு 0.7 டெசிபெலுக்குள். ஒரே கோரில் தெரு முழுக்க முடித்துவிடலாம் என்பதால் ஆசையாக இருக்கும். பிஎல்சி ஸ்ப்ளிட்டர் எல்லாக் கால்களுக்கும் சமமாகப் பிரிக்கும். எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு காலுக்கும் 10.5, பதினாறுக்கு 13.7, முப்பத்திரண்டுக்கு 17, அறுபத்துநான்குக்கு 20.5 டெசிபெல் அளவில் இழப்பு.

ஊருக்குள் பிஎல்சிதான். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. கப்ளர் சங்கிலியில் நடுவே ஒரு கம்பம் கூடினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லோருக்கும் ஒளி குறைகிறது. ஒரு பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பின்னால் உள்ள தெரு முழுவதும் இருட்டு. எந்தக் கம்பத்தில் 5/95, எதில் 20/80 என்பது கட்டியவரின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் ஊரே புதிர். போதாததற்கு, 1310, 1550 ஆகிய இரண்டுக்கு மட்டும் செய்த பழைய கப்ளர் 1490-இல் சொன்ன விகிதத்தில் பிரிக்காது. பிஎல்சி 1260 முதல் 1650 நானோமீட்டர் வரை ஒரே சீராக வேலை செய்யும்.

கிழக்குக் குடியிருப்புக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தேன். வாய்க்கால் கரையில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒற்றை வரிசையாக நாற்பது வீடுகள். அங்கே நடுவில் ஒரே பெட்டி வைத்து எல்லா வீட்டுக்கும் ட்ராப் கேபிள் இழுத்தால் கடைசி வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் போகும். கப்ளர் சங்கிலிக்கு ஏற்ற நிலம் என்றால் அதுதான். 1310, 1490, 1550 ஆகிய மூன்று அலைநீளத்துக்கும் செய்த கப்ளராக, ஒவ்வொரு இறங்கு காலிலும் எட்டாகப் பிரிக்கும் சிறு பிஎல்சி வைத்து.

ஊருக்கான கணக்கு இப்படி வருகிறது. ஜிபான் என்பது ஒரே இழையைப் பல வீடுகள் பகிரும் இணைய முறை, ஓஎல்டி என்பது கண்ட்ரோல் ரூமில் இருந்து ஒளி அனுப்பும் பெட்டி. ஜிபான் பி பிளஸ் வகையில் ஓஎல்டிக்கும் வீட்டுக்கும் நடுவே 28 டெசிபெல் வரை இழக்கலாம். எட்டு, பின் எட்டு என்று இரண்டு கட்டமாகப் பிரித்தால் 21. மூன்று கிலோமீட்டர் இழைக்குச் சுமார் ஒன்று. கனெக்டர்களுக்கு ஒன்றரை, ஒட்டுகளுக்கு அரை. மொத்தம் சுமார் 24. ஓஎல்டி 4 டிபிஎம் (ஒளியின் பலத்துக்கான அலகு) அளவில் அனுப்பினால் வீட்டில் மைனஸ் 20 கிடைக்கும். வீட்டுக் கருவி மைனஸ் 27 வரை தாங்கும். இடையில் உள்ள ஏழு டெசிபெலை யாரும் மிச்சம் என்று எண்ணிச் செலவழிக்கக் கூடாது. தூசி, வளைவு, அடுத்த லாரி மோதிய பிறகு போடப்போகும் ஒட்டு எல்லாவற்றுக்குமான கையிருப்பு அது.

அறுபத்துநான்கு வரை பிரிக்க முடியும் என்பதால் அறுபத்துநான்கு வீட்டையும் நிரப்ப வேண்டியதில்லை. ஜிபானின் 2.488 ஜிபிஎஸ்ஸை 64 பேர் ஒரே நேரத்தில் பகிர்ந்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்கூட முழுதாக வராது. எட்டு போர்ட் ஓஎல்டி இரண்டு வாங்கி, போர்ட்டுக்கு நாற்பது வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பதினாறு போர்ட் பெட்டி ஒன்றே வாங்கினால் சற்று மலிவாக இருக்கலாம். ஆனால் பவர் சப்ளை போகும் இரவில் பாதி ஊராவது ஓடிக்கொண்டிருப்பது பெரிய விஷயம்.

ஒட்டும் கை

சூடு வைத்து ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினில் நல்ல ஒட்டு 0.05 டெசிபெல் அளவில் முடியும். கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் 0.3 முதல் 0.5 வரை இழக்கும். அதற்குள் ஒளி தாண்டுவதற்காக ஒரு ஜெல் இருக்கிறது. சித்திரை வெயிலில் கம்பத்துப் பெட்டிக்குள் என்ன சூடு ஏறும் என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கோடை கழித்து அதே கனெக்டரை அளந்தால் எண் மாறியிருக்கும். ஆகவே கம்பத்துப் பக்கம் ஒட்டு மட்டும். வீட்டுக்குள், நிழலில் இருக்கும் முனைக்கு ஃபாஸ்ட் கனெக்டர் போடலாம்.

மெஷினை வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா என்று கேட்டான். அறுநூறு வீடு என்றால் சொந்தமாக ஒன்று இருக்க வேண்டும். அவசர இரவில் வாடகை மெஷின் வேறு ஊரில்தான் இருக்கும். வாங்கும்போது மெஷினின் திரையைப் பார்ப்பதைவிட, கூட வரும், இழை வெட்டும் கிளீவரைப் பாருங்கள். ஒட்டு கெடுவது பெரும்பாலும் இழை நேராக வெட்டுப்படாததால்தான். தேய்ந்த பிளேடை வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

கனெக்டரில் பச்சையா நீலமா என்பதற்கு டிவி இருக்கும் ஊரில் ஒரே பதில் பச்சை, அதாவது எஸ்சி ஏபிசி. முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருப்பதால் திரும்பி வரும் ஒளி வெளியே சிதறிவிடும். 60 டெசிபெல் அளவுக்கு எதிரொளி அடங்கும். நீலத்தில் அது 50. அந்தத் திரும்பிய ஒளிதான் படத்தைக் கெடுப்பது. பெரும்பாலான ஓஎல்டி எஸ்எஃப்பிகளின் வாய் நீலம் என்பதால் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒரு முனை நீலம், மறு முனை பச்சை உள்ள பேட்ச் கார்டு வேண்டும். பச்சையை நீலத்தில் அழுத்திச் செருகினால் பொருந்திவிட்டது போலத்தான் இருக்கும். உள்ளே நடுவில் காற்று நிற்கும், முனையும் கீறிப்போகும். டிராப் கேபிளின் எஃகுத் தூக்குக் கம்பியை வீட்டுச் சுவருக்கு வெளியிலேயே கொக்கியில் நிறுத்தி வெட்டிவிட வேண்டும், இடி அதன் வழியே உள்ளே வரக்கூடாது. ஒவ்வொரு முனையையும் செருகும் முன் துடைக்க வேண்டும். தலைமுடி எழுபது மைக்ரான் தடிமன், ஒளி போகும் துளையோ ஒன்பது. கண்ணுக்குத் தெரியாத தூசி அங்கே மலை.

ஜிபானுக்கு மாற்றான இபானா, ஜிபானேயா என்பதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கம்பத்தில் இருப்பதை மாற்ற முடியாது. இபான் பெட்டி மலிவு, பழகுவதும் எளிது. அதன் பயன்படும் வேகம் இரு திசையிலும் 1 ஜிபிஎஸ். இன்று புதிதாகக் கட்டுபவர் ஜிபானுக்குப் போவதே நல்லது. பத்து ஜிபிஎஸ் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பான் 1577, 1270 என்ற வேறு அலைநீளங்களில் ஓடுவதால், நாளை அதே இழையில் ஜிபானோடு சேர்த்தே ஏற்றலாம். இன்றைக்கே அதை வாங்க அறுநூறு வீட்டு ஊருக்குத் தேவை இல்லை.

தம்பி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். கேபிள் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு கம்பத்திலும் அந்த எண்ணையும், ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாள் பவர் மீட்டர் காட்டும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். ஓடிடிஆர் சொல்லும் தூரத்தை எந்தக் கம்பம் என்று மாற்றித் தருவது அந்த நோட்டுதான். அவனுக்கு இப்போது நிற்பது ஒரே இடம்: வாய்க்காலைத் தாண்டும் நானூறு மீட்டர். பாலத்தின் ஓரமாகக் குழாய் கொண்டுபோக அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறான். அது வரும்வரை இக்கரைக் கம்பத்தில் ஐந்நூறு மீட்டர் கேபிளை ட்ரம்மோடு கட்டி வைத்திருக்கிறான், வெட்டாமல்.